நம்ம வீட்டுத் தோட்டம்: பாதி புல், பாதி பூ!

ஆவடியை அடுத்த ஏரிக்கரை ஊர் கோவில்பதாகை. இங்கே தனி வீடு கட்டுகிறவர்களுக்கு வாசலில் கொஞ்சம் புல்தரை இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை வரும். முதல் வருடம் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். அடுத்த கோடையில்தான் கஷ்டம் தெரியும். மோட்டார் போட்டால் புல்லுக்கா, மேல் தொட்டிக்கா என்று வீட்டுக்குள் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும்.

கணக்கு எளிது. நம் ஊர் வெயிலில் ஒரு சதுர மீட்டர் புல் வாடாமல் இருக்க தினமும் சுமார் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். 300 சதுர அடி புல்தரை என்றால் ஒரு நாளைக்கு 140 லிட்டர், மாதத்துக்கு 4,000 லிட்டருக்கு மேல். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, சென்னையே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

அதற்காகப் புல்லை மொத்தமாகப் பெயர்க்க வேண்டாம். குழந்தைகள் விளையாடும் இடம், தாத்தா நாற்காலி போட்டு உட்காரும் இடம் அப்படியே இருக்கட்டும். யாருமே கால் வைக்காமல், தண்ணீர் ஊற்றவும் வெட்டவும் மட்டுமே போகிற மூலைகள் இருக்கும் அல்லவா? அவற்றைப் பூச்செடிக்குக் கொடுங்கள்.

250 வருடப் புல்லையே மாற்றினார்கள்!

கணித மேதை ராமானுஜன் இருந்த கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குச் சற்றுத் தள்ளி இருப்பது கிங்ஸ் கல்லூரி. அங்கே 1772 முதல் ஒட்ட வெட்டிப் பராமரித்த புல்வெளியின் ஒரு பகுதியில், 2019-ல் காட்டுப் பூக்களின் விதையைத் தூவினார்கள். 2020-ல் பூத்தது. ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, புல்வெளியைவிட மூன்று மடங்குக்கு மேல் செடி, சிலந்தி, பூச்சி வகைகள் இருந்தன. சிற்றுயிர்களின் மொத்த எடை 25 மடங்கு! 2023-ல் இந்த ஆய்வு வெளியானது.

அந்தக் குளிர் நாட்டுப் பூக்கள் நமக்கு ஒத்துவராது. நமக்கென்று வெயில் தாங்கும் செடிகள் இருக்கின்றனவே.

எதை வைக்கலாம்?

நல்ல வெயில் படும் இடத்தில் இட்லிப்பூ, நித்தியகல்யாணி, வாடாமல்லி, செம்பருத்தி. பாதி நிழலில் கனகாம்பரம், டிசம்பர் பூ. வேலி ஓரத்தில் சங்குப்பூ. அடுக்குப் பூவைவிட ஒற்றை அடுக்குப் பூவில்தான் தேனீக்குத் தேன் எளிதாகக் கிடைக்கும். ஒரு கறிவேப்பிலைச் செடியும் சேர்த்து வையுங்கள். சமையலுக்கு ஆச்சு, பட்டாம்பூச்சி முட்டையிடவும் ஆச்சு. இலையைப் புழு கடித்திருந்தால் உடனே மருந்து அடிக்காதீர்கள். அதுதான் நாளைய பட்டாம்பூச்சி.

கைக்குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் அரளி வேண்டாம், அது விஷம். நித்தியகல்யாணியையும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது?

முதல் தடவைக்கு 10 அடிக்கு 4 அடி போதும். கயிறு கட்டி அளந்துகொள்ளுங்கள். அருகம்புல்லும் கோரையும் மண்ணுக்குள் ஓடுபவை. மேலாகச் செதுக்கினால் பத்தே நாளில் தலைகாட்டும். வேரோடும் கிழங்கோடும் கொத்தி எடுக்க வேண்டும். பிறகு டேப்பும் பின்னும் நீக்கிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, நன்றாக நனைத்து, மேலே நாலு அங்குலம் மக்கிய உரமும் மண்ணும் போடுங்கள். இரண்டு மாதத்தில் அட்டை இற்றுப்போகும். அப்போது குழி எடுத்து நடலாம். புல் திரும்ப நுழையாமல் ஓரத்தில் செங்கல் புதைப்பது முக்கியம்.

வைகாசியில் அட்டை பரப்பினால் ஆடியில் நடலாம். ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். மழைத் தண்ணீர் தேங்கும் வீடு என்றால் பாத்தியை அரை அடி உயர்த்திக் கட்டுங்கள்.

முதல் சில மாதங்கள் பூச்செடிக்கும் தண்ணீர் தவறக் கூடாது. வேர் ஊன்றிய பிறகு, அடியில் சருகு மூடாக்கு போட்டால், கோடையிலும் மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை ஊற்றினால் போதும்.

'பூச்சி' வருமா?

புறநகரில் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி இது. பாம்பு பூவைத் தேடி வருவதில்லை. எலியும் தவளையும் ஒளிந்துகொள்ள இடமும் இருந்தால்தான் வரும். ஆகவே வீட்டுச் சுவருக்கும் பாத்திக்கும் நடுவே மூன்று அடி வெற்றிடம் விடுங்கள். பாதை ஓரம் குட்டைச் செடிகளே இருக்கட்டும். உடைந்த செங்கல், விறகு, காலித் தொட்டிகளைக் குவித்து வைக்காதீர்கள். சருகு மூடாக்கும் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இரவில் டார்ச் இல்லாமல் செடிப் பக்கம் போக வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது ஒன்றுதான். காலையிலிருந்து மாலை வரை உங்கள் புல்தரையில் யார் எங்கே நடக்கிறார்கள் என்று பாருங்கள். காலடியே படாத இடத்தில் நாலு குச்சி நட்டு வையுங்கள். அடுத்த வருடம் வெள்ளிக்கிழமை பூஜைக்கு அங்கிருந்தே பூப் பறிக்கலாம்.