தறிச் சாமான்களைக் காயலான் கடையில் போடாதீங்க!

நம்ம ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்று எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். சேலைக்குச் சரி. அதை நெய்த நாடாவுக்கும் பண்ணைக்கும் என்ன இருக்கிறது? காயலான் கடைதான்.

தறியைப் பிரிக்கிற வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீங்க. சிலர் பவர்லூமுக்கு மாறிட்டாங்க, சிலர் வேறு வேலைக்குப் போயிட்டாங்க. அது அவங்கவங்க கஷ்டம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பிரித்த அன்றைக்கே மரம் அடுப்புக்கும் இரும்பு எடைக்கும் போய்விடுகிறது. எங்கள் தெருவில் ஒரு ஜக்கார்டு பெட்டியைக் கிலோ கணக்கில் போட்டார்கள். அட்டைக் கட்டும் கூடவே போச்சு.

அந்த அட்டையைச் சாதாரணமாக நினைக்காதீங்க. எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று அதிலுள்ள ஓட்டைகள்தான் தறிக்குச் சொல்கின்றன. பிரான்ஸ் நாட்டு ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-இல் இந்த முறையைக் கொண்டுவந்தார். பிறகு இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கும் ஓட்டை அட்டையையே பயன்படுத்தத் திட்டம் போட்டார். கம்ப்யூட்டருக்கு நம்ம தறி பெரியப்பா முறை! நகல் எடுத்து வைக்காத வீட்டில் அட்டை போனால் அந்த பார்டர் டிசைனும் போன மாதிரிதான்.

அதனால் நம் பள்ளியில் ஒரு பீரோவைத் தறிச் சாமான்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. "இந்தக் குப்பைய வச்சி இன்னாடி பண்ணப் போற?" என்று என் ஆயாவே கேட்கிறாங்க. (ஆனால் தன்னோட ராட்டையை யாரையும் தொட விடமாட்டாங்க.)

வார்னிஷ் அடித்துப் பளபளவென்று வைக்கலாம் என்று வகுப்பில் சில பேர் சொன்னாங்க. எனக்குப் பிடிக்கவில்லை. நாடாவில் கைபட்டுத் தேய்ந்த இடம் அப்படியே இருக்கணும். சிலும்பு இருந்தால் பட்டு இழை அறுந்துவிடும், அந்த இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டால் போதும். இரும்பில் துரு இருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மிஷின் எண்ணெயை லேசாகத் தடவணும். அதிகமானால் பட்டில் கறை பிடிக்கும். பண்ணை மேல் எதையும் வைக்கக் கூடாது, பல் வளைந்துவிடும். ஈரமும் ஆகாது. அட்டைக் கட்டை எலிக்கும் கரையானுக்கும் எட்டாமல் வைக்கணும்.

இன்னொன்று. இப்பவும் நெய்கிறவங்க யாராவது வந்து ஒரு நாடா வேணும் என்றால் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். பூட்டி வைக்கிறதுக்காகச் சேர்க்க வேண்டாம். யார் வீட்டுச் சாமான், யார் நெய்தது என்று ஒரு சீட்டு கட்டினால் நல்லது.

எங்கள் வீட்டில் நாடா இரண்டு இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டு வருகிறேன். ராட்டையை மட்டும் கேட்காதீங்க!

— 9-ஆம் வகுப்பு மாணவி