34 அங்குலம் பெரிதா? 32 அங்குலம் பெரிதா?

பெரிய கம்ப்யூட்டர் மானிட்டர்களுக்கு வரி குறைந்திருக்கிறது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு முன்பு 100 ரூபாய்க்கு 28 ரூபாய் ஜி.எஸ்.டி. வரி கட்ட வேண்டும். 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் அது 18 ரூபாய் ஆகிவிட்டது.

வரி சேர்க்காத விலை ரூ.30 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். முன்பு வரி ரூ.8,400. இப்போது ரூ.5,400. மிச்சம் ரூ.3 ஆயிரம்.

இதனால் லாபம் அடைந்தவற்றில் ஒன்று, "அல்ட்ராவைடு" என்னும் அகல மானிட்டர். பக்கவாட்டில் நீண்டு, வில்லைப் போல் லேசாக வளைந்திருக்கும். 34 அங்குல அளவில்தான் இது அதிகம் கிடைக்கிறது.

கோணல் கணக்கு

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திரையை எப்படி அளக்கிறார்கள்? ஒரு பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து மறுபக்கத்து மேல் மூலைக்கு, குறுக்காக!

34 அங்குல அகல மானிட்டரின் அகலம் சுமார் 31.4 அங்குலம். உயரம் 13.1 அங்குலம். பெருக்கினால் 411 சதுர அங்குலம். சாதாரண 32 அங்குல மானிட்டரின் அகலம் 27.9. உயரம் 15.7. பெருக்கினால் 438.

ஆக, 34 அங்குலம்தான் சிறியது! சிறிய திரைக்குப் பெரிய வரி வாங்கி வந்தார்கள். அந்தக் கோணல் இப்போது நிமிர்ந்துவிட்டது. ஆனால் கடைக்காரர் இன்றும் அந்தக் குறுக்களவைத்தான் சொல்வார்.

வளைவு எதற்கு?

பெட்டியின் மேல் "1000 ஆர்", "1800 ஆர்" என்று போட்டிருக்கும். தரையில் ஓர் ஆணி அடித்து, அதில் 1 மீட்டர் கயிறு கட்டி, வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தின் விளிம்பில் ஒரு துண்டு எவ்வளவு வளைந்திருக்குமோ, அதுதான் 1000 ஆர். ஆணி இருக்கும் இடத்தில் உங்கள் தலை இருந்தால், திரையின் நடுப்பகுதியும் ஓரமும் கண்ணுக்கு ஒரே தூரம்.

ஆணி ஒன்றுதானே? ஆகவே இது ஒருவருக்கான திரை. 2013-ல் பெரிய கம்பெனிகள் வளைந்த டெலிவிஷனைக் கொண்டு வந்தன. குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் பெட்டிக்கு வளைவு ஒத்துவரவில்லை. சில ஆண்டுகளில் மவுசு போய்விட்டது. ஒருவர் மட்டும் உட்காரும் மேஜையில் அதே வளைவு நிலைத்துவிட்டது.

யாருக்கு வேண்டும்?

ஒரு பக்கம் ரசீது, மறு பக்கம் பேரேடு என்று இரண்டையும் திறந்து வைத்துக் கணக்கு எழுதுகிறவருக்கு இது நல்ல வசதி. வீடியோ எடிட்டருக்கும் அப்படியே. வீட்டிலிருந்தபடி வேலை பார்த்துச் சம்பாதிக்கிறவர் கேட்டால் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம்.

பையன் விளையாடக் கேட்டால்? அங்கேதான் யோசிக்க வேண்டும்.

திரை என்பது சின்னஞ்சிறு புள்ளிகளின் கூட்டம். சாதாரண "புல் எச்.டி." திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். வழக்கமான 34 அங்குல அகலத் திரையில் ஏறத்தாழ 50 லட்சம். விளையாடும்போது இத்தனை புள்ளிகளையும் விநாடிக்குப் பல தடவை வரைந்து தள்ளுவது, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் "கிராபிக்ஸ் கார்டு". பழைய கார்டு என்றால் திணறிவிடும். "கார்டையும் மாத்தணும், அப்பா" என்று அடுத்த விண்ணப்பம் வரும். வரியில் மிச்சம் பிடித்த 3 ஆயிரம் எந்த மூலைக்கு?

அப்படியும் எல்லா விளையாட்டும் அகலத் திரையை நிரப்புவதில்லை. 2022-ல் வெளிவந்து சக்கைப்போடு போட்ட "எல்டன் ரிங்", இரண்டு ஓரங்களிலும் கறுப்புப் பட்டை விட்டுத்தான் ஓடுகிறது.

2020-ல் சாம்சங் கம்பெனி "ஒடிசி ஜி9" என்ற 49 அங்குல மானிட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இரண்டு 27 அங்குல மானிட்டர்களை ஒட்டி வைத்தது போல் இருக்கும். அகலம் 4 அடிக்குச் சற்றுக் குறைவு. அதற்கு முதலில் மேஜை வாங்க வேண்டும்!

கடைக்குப் போகும்போது அளவு டேப்பைக் கையோடு கொண்டு போங்கள். அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே அளந்து பாருங்கள். பில்லில் வரி 18 சதவீதம்தானா என்பதையும் பாருங்கள்.