படிவத்தில் இரண்டு கட்டம் குறைகிறது

நிதி நல்கும் அமைப்பு ஒன்று திசு வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை இதற்குள் உங்கள் மேசைக்கும் வந்திருக்கும். உறைநிலையில் வைத்திருக்கும் ஒவ்வொரு கட்டித் திசுவுக்கும் ஆர்ஐஎன் (ஆர்என்ஏ எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று காட்டும் எண்) பார்க்க வேண்டும், 7க்குக் கீழே உள்ளவற்றை இருப்பிலிருந்து கழிக்க வேண்டும், ஐஎஸ்ஓ 20184-1 தரநிலையைப் பின்பற்றுவதாகக் கையொப்பமிட வேண்டும். மூன்று மாத அவகாசம். கூடவே நிரப்பி அனுப்ப ஒரு படிவம்.

தர அளவே வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. 28எஸ், 18எஸ் பட்டைகளை ஜெல்லில் கண்ணால் பார்த்து, "நல்லா இருக்கு சார்" என்று நோட்டில் எழுதிய காலத்தைத் தாண்டி வந்தவர்கள் நாம். 2006இல் ஆர்ஐஎன் முறை வெளியானபோது ஓர் ஆய்வகம் இன்னோர் ஆய்வகத்தோடு பேச ஒரு பொதுமொழி கிடைத்தது. ஆனால் இந்த 7, அமெரிக்காவின் டிசிஜிஏ புற்றுநோய் மரபணுத் திட்டம் தன் வேலைக்காக வைத்துக்கொண்ட வாசல். அந்த வாசலில் நிற்கும் காவலாளியை எல்லார் வீட்டுக்கும் அனுப்புவது சரியல்ல.

கழிப்பது பற்றி நம் நிலைப்பாடு இது: கழிக்காதீர்கள். கணையம் போன்ற ஆர்என்ஏஸ் மிகுந்த திசுவில் 5 வருவது அதிசயமில்லை. 3' முனையை மட்டும் வாசிக்கும் முறைகளுக்கு அது போதும். ஆர்என்ஏ துண்டுகளின் நீளத்தை அளக்கும் டிவி200 பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆர்என்ஏ சிதைந்திருந்தாலும் டிஎன்ஏ பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதோடு, குறைந்த எண் வந்தால் முதலில் நம் கையைச் சந்தேகிக்க வேண்டும். பனிப் படிகம் கிழித்த செல்லில் ஆர்என்ஏஸ் கட்டவிழ்ந்து காத்திருக்கிறது. லைசிஸ் பஃபர் படுவதற்குள் திசு இளகினால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். குளிர்வித்த பிளேடால் டிரை ஐஸ் மேல் வைத்து இன்னொரு துண்டு வெட்டி, மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிழை சேமிப்பில் இல்லை, மேசையில் இருந்திருக்கிறது.

இதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. என்னை எழுதவைத்தது அந்தப் படிவம்தான். அதில் பதினோரு கட்டங்கள் இருக்கின்றன. ஃப்ரீசரின் மாடல் எண்ணுக்குக்கூட ஒரு கட்டம் உண்டு. ரத்தக்குழாயைக் கட்டிய நேரத்துக்கும் உறையவைத்த நேரத்துக்கும் கட்டம் இல்லை. எந்தத் தரநிலையைப் பின்பற்றச் சொல்கிறார்களோ, அதன் அக்கறையே பரிசோதனைக்கு முந்தைய நடைமுறைதான்; இந்த நேரங்களைக் குறித்து வைக்கச் சொல்வதும் அதுவே. சுற்றறிக்கை எழுதியவர் தரநிலையின் அட்டையைத் தாண்டினாரா என்று தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருங்குடல் கட்டி எங்களிடம் வந்தது. ஆர்ஐஎன் 8.6. படம் வரைந்ததுபோல இரண்டு சிகரங்கள். வரிசைப்படுத்தலில் ஃபாஸ், ஜுன், ஈஜிஆர்1 மரபணுக்கள் மூன்றும் உச்சத்தில் இருந்தன. கட்டியின் குணம் என்று நினைத்து இரண்டு வாரம் பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தோம். பிறகு ஏதோ உறுத்த, மயக்கவியல் சார்ட்டை வாங்கிப் பார்த்தேன். தமனியைக் கட்டியது 11.10. கிரையோவயல் லேபிளில் நேரம் 12.55. நடுவில் என்ன நடந்தது என்று தியேட்டர் சிஸ்டர்தான் சொன்னார். கட்டியை கிட்னி ட்ரேயில் வைத்து, பச்சைத் துணி போர்த்தி, சொந்தக்காரர்களுக்குக் காட்ட வாசலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மூத்த மகன் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை ட்ரே ஸ்டூலில் இருந்திருக்கிறது.

காட்டுவதைத் தவறு என்று சொல்லமாட்டேன். பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் 8.6இல் எங்கேயும் தெரியவில்லை. ஆர்ஐஎன் பெரும்பாலும் பார்ப்பது ரைபோசோம் ஆர்என்ஏவை. அது பிடிவாதமானது, அவ்வளவு சீக்கிரம் உடையாது. ரத்தம் நின்றுபோன செல்லோ உடனே சாவதில்லை, பதறிப்போய் புது ஆர்என்ஏ எழுதிக்கொண்டே இருக்கும்; ஃபாஸ், ஜுன், ஈஜிஆர்1 உச்சத்தில் நின்றது அதனால்தான். குடல் திசுவில் அறுவை முடிந்த 5 முதல் 8 நிமிடத்துக்குள் மாற்றம் தொடங்கிவிடுவதையும், அரை மணியில் கண்டறியக்கூடிய மரபணுக்களிலும் புரதங்களிலும் 20 சதவீதம் மாறிவிடுவதையும் 2004இலேயே ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். சுற்றறிக்கையின் கணக்கில் எங்கள் சாம்பிள் முதல் தரம்!

நேரத்தைக் குறிக்க பேனாவும் கடிகாரமும் போதும், ஆனால் குறிக்க ஓர் ஆள் தியேட்டர் வாசலில் நிற்க வேண்டும். பதினைந்து வருடமாக நான் கேட்டுவருவது அந்த ஒரு ஆளைத்தான். மைனஸ் 80 ஃப்ரீசர் கேட்டால் கிடைக்கிறது. திறப்பு விழாவுக்கு ரிப்பனும் கிடைக்கிறது. திரவ நைட்ரஜன் ஃபிளாஸ்கோடு காலை ஏழரைக்கு வந்து நின்ற எங்கள் டெக்னீஷியனுக்கு மட்டும் திட்டம் முடிந்ததும் சம்பளத் தலைப்பு இல்லாமல் போனது. "கருவி என்றால் போடலாம், ஆள் என்றால் விதியில் இடமில்லை" என்று தொலைபேசியில் சொன்னார்கள். அவர் போன பிறகு சாம்பிளைக் கையாண்ட விதத்தைச் சொல்லும் எங்கள் எஸ்பிரெக் குறியீட்டில் வெப்ப இஸ்கீமியா (ரத்தம் நின்றபின் திசு உடலுக்குள் இருந்த நேரம்) இடத்தில் வரிசையாக எக்ஸ், அதாவது 'தெரியாது'. ஆர்ஐஎன் சராசரி மட்டும் இறங்கவே இல்லை. அதனால் யாரும் எங்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

படிவத்தில் இரண்டு கட்டம் சேர்க்கும்படி எழுதி அனுப்பியிருக்கிறோம். அது நடக்கும்வரை இந்த இதழ் காத்திருக்கப்போவதில்லை. அடுத்த இதழ் முதல், உறைநிலைத் திசுவை வைத்து எழுதும் கட்டுரைகளில் ஆர்ஐஎன்னுக்குப் பக்கத்தில் கட்டிய நேரமும் உறைந்த நேரமும் இருக்க வேண்டும். தெரியாவிட்டால் எக்ஸ் என்றே போடுங்கள்; அதற்காகக் கட்டுரையைத் திருப்பமாட்டோம். நேரம் குறித்தவரின் பெயரையும் நன்றியுரையில் சேருங்கள்.