பத்து வரைக்கும் எண்ணி என்ன பண்ண?

ஸ்பானிஷ் கத்துக்கறேன்னு யார் சொன்னாலும், "எங்க, ஒண்ணு ரெண்டு சொல்லு பாப்போம்" என்பதுதான் அடுத்த கேள்வி. அவரும் ஊனோ, தோஸ், த்ரேஸ்னு ஆரம்பிச்சு தியெஸ்ல வந்து மூச்சு விடுவார். கைதட்டல். விருந்தாளி வந்தா குழந்தையை ரைம்ஸ் சொல்லச் சொல்ற மாதிரிதான்.

என் கட்சி இதுதான்: இப்படி வரிசையா ஒப்பிக்கிற எண் காலணாவுக்குப் பிரயோஜனமில்லை. நான் போன வகுப்புல முதல் நாள் பத்து வரைக்கும், ரெண்டாம் நாள் நூறு வரைக்கும். அத்தோட எண்களுக்கு முழுக்குப் போட்டுட்டு வினைச்சொல்லுக்குப் போயிட்டாங்க.

அப்புறம் ப்ராஜெக்ட் புண்ணியத்துல பொகோட்டாவுல மூணு மாசம். கொலம்பியாவுல பெசோ எல்லாமே ஆயிரக்கணக்குதான். 2016-ல் வெளியிட ஆரம்பிச்ச நோட்டு வரிசையில் சின்னதே 2,000 பெசோ. பெரிசு ஒரு லட்சம். நம்ம இலக்கிய நண்பர்கள் கொண்டாடுற கார்சியா மார்க்கேஸ் 50,000 பெசோ நோட்டில் இருக்கார். இந்த ஊர்ல பத்து வரைக்கும் எண்ணத் தெரிஞ்சு எதை வாங்குறது? மதிய சாப்பாட்டுக்கு கடைக்காரம்மா "தியெஸிஓச்சோ மில் கினியெந்தோஸ்" என்பார், ஒரே மூச்சில். 18,500. நாம மனப்பாடம் பண்ணின பத்துல 'ஓச்சோ' மட்டும்தான் அதுல முழுசா காதில் விழும். எட்டு பெசோவுக்கு அங்கே சாப்பாடு கிடையாது சாமி :-)

ஐநூறுன்னா 'சிங்கோ'விலிருந்து வரணும் இல்லையா? வராது, அது கினியெந்தோஸ். 700-ம் 900-மும் கூட இப்படித்தான், ஸெத்தெஸியெந்தோஸ், நோவெஸியெந்தோஸ்னு உயிரெழுத்து மாறிடும். இதைக் குறை சொல்ல நமக்கு அருகதை கிடையாது. ஒன்பதுக்குப் பிறகு தொண்ணூறு, தொள்ளாயிரம்னு வெச்சிருக்கற ஆளுங்க நாம.

ஆனா நிஜமான வில்லன் காதுதான். அறுபது ஸெஸெந்தா, எழுபது ஸெத்தெந்தா. நடுவுல ஒரே ஒரு எழுத்து. வரிசையா சொல்றப்ப இந்தக் குழப்பமே வராது, ஏன்னா அறுபதுக்கு அப்புறம் எழுபதுதான்னு மூளைக்கு முன்னாடியே தெரியும். யாராவது போன் நம்பரை ரெண்டு ரெண்டா படபடன்னு சொல்றப்பதான் சாயம் வெளுக்கும். 'ஹோலா'வைத் தப்பா சொன்னா சிரிப்பாங்க, அவ்வளவுதான். எண்ணைத் தப்பா கேட்டா காசு போகும், பஸ் போகும், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போகும். அப்ப எதுக்கு வகுப்புல அதிக நேரம் தரணும்?

இலக்கணமும் எண்ணுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு. இருநூறு புத்தகம்னா தோஸியெந்தோஸ், இருநூறு மேஜைன்னா தோஸியெந்தாஸ். மேஜை பொம்பளையாம்! ஆயிரத்துக்கு மட்டும் இந்த வம்பு இல்லை. மில் என்னைக்கும் மில்.

இன்னொரு கடுப்பு, இதையெல்லாம் நாம இங்கிலீஷை புரோக்கரா வெச்சு கத்துக்கறது. 1998-ஐ இங்கிலீஷ்காரன் பத்தொன்பது, தொண்ணூத்தெட்டுன்னு ரெண்டா வெட்டுவான். ஸ்பானிஷ்ல வெட்டக் கூடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டுன்னு நம்மள மாதிரி முழுசா சொல்லணும். தமிழன் தமிழ் வழியா போயிருந்தா நேரா போய்ச் சேர்ந்திருப்பான்.

இதைவிட ஆபத்தானது 'பில்யோன்'. பார்த்தா பில்லியன் மாதிரியே இருக்கும், ஆனா ஆயிரம் மடங்கு பெரிசு. அது லட்சம் கோடி. நம்ம பில்லியனுக்கு, அதாவது நூறு கோடிக்கு, அவங்க 'மில் மில்யோனெஸ்' என்பாங்க, ஆயிரம் மில்லியன். வெனிசுவேலா அதிபர் ரஃபாயெல் கால்தேரா கேட்டுக்கிட்டதன் பேரில் 1995-ல் ஸ்பானிஷ் அகாதமி 'மில்யார்தோ'ன்னு ஒரு சொல்லையும் ஏத்துக்கிச்சு. ஜனங்க என்னவோ மில் மில்யோனெஸையே பிடிச்சிக்கிட்டிருக்காங்க. லட்சம் கோடி, நூறு கோடின்னு எழுதிப் பார்த்தா குழப்பமே இல்லை. இடையில் பில்லியன் வந்தாதான் தலைவலி.

பொட்டி தட்டுற மக்களுக்கு மட்டும் ஒண்ணு: 1.500-ன்னு பார்த்தா ஸ்பெயின்காரருக்கு ஆயிரத்து ஐநூறுன்னு படலாம், மெக்சிகோக்காரருக்கு ஒண்ணரை. தசமத்துக்குப் புள்ளியே வைங்கன்னு அகாதமி 2010-ல் சிபாரிசு பண்ணிச்சு. சொன்னா கேட்டுடுவாங்களா என்ன.

வகுப்பை நம்பாம நானா பிடிச்ச வழி: பொகோட்டாவுல சூப்பர்மார்க்கெட் பில்லை வீட்டுக்கு வந்து சத்தமா படிக்கறது, மேலிருந்து கீழே இல்லாம கண்டபடி தாவித் தாவி. சென்னைக்குத் திரும்பினதும் பில் போய் நம்பர் பிளேட் வந்தாச்சு. சிக்னல்ல முன்னாடி நிக்கற வண்டி 4763-ன்னா, குவாத்ரோ மில் ஸெத்தெஸியெந்தோஸ் ஸெஸெந்தா இ த்ரேஸ். அறுபதும் எழுநூறும் ஒரே நம்பர்ல வந்தா பச்சை விழறதுக்குள்ள முடிக்க முடியறதில்லை. பின்னாடி இருக்கற ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார்.