மறைத்து வைக்க ஓர் உரிமை

சென்ற இதழில் அண்ணாச்சி ஒருவர், வண்டியின் சாஃப்ட்வேரை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். அதன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் எதிரெதிரே உட்கார வைத்தால் அடிதடி ஆகிவிடும். வண்டி என் காசில் வாங்கியது, உள்ளே ஓடும் சாஃப்ட்வேரும் என்னுடையது, தொடாதே என்று சொல்லக் கம்பெனிக்காரன் யார் என்று முதல் பக்கம் மார்தட்டுகிறது. சர்வீசுக்கு விடுமுன் பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றிவிடுங்கள், யாருக்கும் தெரியாது என்று கடைசிப் பக்கம் காதைக் கடிக்கிறது. உரிமை என்றால் ஒளிப்பானேன்? ஒளித்தால்தான் பிழைக்கும் என்றால் அதற்கு உரிமை என்று பெயர் வைப்பானேன்?

தென்காசி மாவட்டத்துச் சுரண்டை காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்ற நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை கடனில் ஓடுபவை. டியூ தவறினால் ஃபைனான்ஸ்காரர் வீட்டுக்கு வருவார். அந்த வண்டிக்காரர்கள் அண்ணாச்சியின் எழுத்தை நம்பக்கூடும் என்பதால்தான் இந்தப் பதில்.

பழைய ஃபைல் கதையிலிருந்தே தொடங்குவோம். பல கம்பெனிகளின் இசியு, அதாவது இஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர், தன்னை எத்தனை முறை எழுதினார்கள் என்பதை எண்ணி வைத்துக்கொள்கிறது. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றுவதும் ஓர் எழுத்துதான். அதற்கும் எண்ணிக்கை ஒன்று கூடும். கம்பெனிக் கணக்கில் இரண்டு, வண்டிக்குள் நான்கு என்றால் சர்வீஸ் அட்வைசருக்கு ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஃபோக்ஸ்வேகன், ஆடி வண்டிகளில் இப்படிப் பிடிபட்டால் ‘டிடி1’ என்ற வாரண்டி மறுப்புக் குறியைக் கம்பெனியின் பதிவேட்டிலேயே ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வண்டி எந்த ஊர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் குறியும் கூடவே போகும். எல்லா வண்டியிலும் இந்தக் கண்காணிப்பு இல்லை, உண்மை. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று அண்ணாச்சி பட்டியல் போட்டாரா? இல்லை. ‘தெரியாது’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். யாருக்குத் தெரியாது என்பதைத்தான் தெளிவாக எழுதவில்லை.

அடுத்தது, ‘செட்டிங்’ என்ற போர்வை. எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் கதவு தானாகப் பூட்ட வேண்டும் என்பதை மாற்றுவதையும், சிலிண்டருக்குள் எவ்வளவு டீசல் பாய வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ள வேண்டும் என்பதை மாற்றுவதையும் ஒரே பத்தியில், ஒரே பெயரில் எழுதியிருக்கிறார். முதலாவது தப்பினால் கதவு பூட்டாது. இரண்டாவது தப்பினால் பிஸ்டன் உருகும். கதவைக் காட்டி வாசகரைப் பழக்கிவிட்டு, அப்படியே டர்போவுக்கு அழைத்துப் போவது எழுத்துத் திறமைதான். நேர்மையா என்பது வேறு கேள்வி.

கம்பெனிக்காரன் வேண்டுமென்றே புல்லிங்கை அடக்கி வைத்திருக்கிறான், அதே இஞ்சினை விலை கூடிய மாடலில் முழுச் சக்தியோடு விற்கிறான் என்கிறார். இதில் பாதி உண்மை இருப்பதால் விளக்கம் தேவை. ஒரு காலத்தில் நம் ரோட்டில் ஓடிய டீசல் கார்களில் ஏராளமானவற்றுக்கு ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இஞ்சின்தான் இதயம். ஸ்விஃப்டில் அது 75 குதிரைத்திறன், எர்டிகாவில் 90. அண்ணாச்சி கணக்குப்படி வித்தியாசம் ஒரு ஃபைல் மட்டுமே. ஆனால் 75-இல் இருந்தது நிலையான அமைப்புள்ள டர்போ. 90-இல் இருந்தது, இஞ்சின் வேகத்துக்கு ஏற்பத் தகடுகள் திரும்பிப் புகையின் பாதையை மாற்றும் வேறு வகை டர்போ. 75-க்கு ஃபைல் மட்டும் ஏற்றினால் எண் வேண்டுமானால் 90 வரும், அந்த டர்போ வராது. கம்பெனி விட்டு வைக்கும் இடைவெளி முழுக்க வியாபாரத் தந்திரமும் அல்ல. கலப்பட டீசல், சித்திரை வெயில், அனுமதிக்கு மேல் ஏற்றும் பாரம் எல்லாம் அந்த இடைவெளியைத்தான் தின்கின்றன. செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் முழு லோடோடு முதல் கியரில் ஏறும் பிக்கப்பை நினைத்துப் பாருங்கள். வேகம் இல்லை, ரேடியேட்டருக்கு எதிர்காற்று இல்லை, இஞ்சினோ உச்சப் பாரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் கூடுதல் டீசலை ஊற்றினால் புகைக்குழாய்ச் சூடு எங்கே போய் நிற்கும்? கிளட்ச் என்ன கதியாகும்? சமவெளியில் லோடில்லாமல் ஓட்டிப் பார்த்து ‘சூப்பர்’ என்பவரிடம் இதற்குப் பதில் இருக்காது.

இனி, அண்ணாச்சி கண்ணீரோடு எழுதிய பகுதி: டிபிஎஃப். அவர் சொல்லும் வேதனை பொய்யல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை விதி வந்தது. டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்ற, கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும் வந்தது. பிடித்த கரியை அவ்வப்போது 600 டிகிரி வாக்கில் எரித்தாக வேண்டும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். சுரண்டைக்கும் பாவூர்சத்திரத்துக்கும் நடை அடிக்கிற வண்டிக்கு அந்தக் கொடுப்பினை ஏது? எரிப்பு பாதியில் நிற்கும். அதற்காகக் கூடுதலாகப் பாய்ச்சிய டீசல் சில இஞ்சின்களில் ஆயிலோடு கலக்கும், விளக்கு எரியும், புல்லிங் விழும். ஓணத்துக்கு முந்தைய வாரத்தில், கேரளாவுக்குப் போக வேண்டிய தக்காளியும் கத்தரிக்காயும் மேலே இருக்க, வண்டி வழியில் முனகினால் டிரைவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். வண்டி விற்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்லாத டீலர்களை எவ்வளவு திட்டினாலும் தகும்.

ஆனால் அண்ணாச்சி தரும் மருந்தைப் பாருங்கள். சாஃப்ட்வேரில் டிபிஎஃப்-ஐ ‘ஆஃப்’ செய்துவிடலாமாம். செய்தால் இசியு அந்த வடிகட்டியை மறந்துவிடும். வடிகட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கும். இனி எரிப்பே கிடையாது என்பதால் கரி அடைத்துக்கொண்டே போகும், புகை வெளியேற வழியில்லாமல் திணறும். ஆகவே குழாயை அறுத்து உள்ளே இருப்பதை உடைத்து எடுக்க வேண்டும். இந்த வெட்டுவேலை கட்டுரையில் எங்குமே இல்லை. லேப்டாப் வரைதான் எழுதினார், கட்டிங் மெஷினை மறைத்துவிட்டார். உள்ளீடு இல்லாத வெறுங்குழாயோடு வாரண்டி கேட்கப் போகும் மனிதருக்கு எந்தப் பழைய ஃபைல் கைகொடுக்கும்?

பொல்யூஷன் சர்டிபிகேட் கிடைத்துவிடுகிறதே என்கிறார். கிடைக்கும். அந்தச் சோதனையில் டீசல் வண்டிக்குப் பார்ப்பது புகையின் கருமையை மட்டும்தான். நைட்ரஜன் ஆக்சைடை அங்கே அளப்பதே இல்லை. பார்க்காத இடத்தில் பாஸ் ஆனதை நிரபராதிப் பத்திரமாக நீட்டுவது வேடிக்கை.

கம்பெனிகளே திருடவில்லையா என்று அவர் ஃபோக்ஸ்வேகனை இழுத்து வந்ததுதான் உச்சம். திருடியது உண்மை. சோதனையின்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் சாஃப்ட்வேரை உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகளில் வைத்திருந்தது 2015-இல் அம்பலமானது. இந்தியாவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எந்த வேலைக்காக ஒரு பன்னாட்டுக் கம்பெனி கூண்டில் ஏறியதோ, அதையே குட்டியானை லோடு வண்டி வைத்திருப்பவர் தன் வீட்டு முற்றத்தில் செய்ய வேண்டும் என்பதா வாதம்? அவர்களுக்கு டெல்லியில் வக்கீல் இருந்தார். இவருக்குத் தென்காசி ஆர்டிஓ அலுவலக வரிசைதான் இருக்கிறது.

சட்டத்தையும் அண்ணாச்சி விட்டுவைக்கவில்லை. வெளி மெக்கானிக்கிடம் போனாலும் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்று போட்டி ஆணையம் 2014-இல் உத்தரவு போட்டதாம். போட்டது, நல்ல உத்தரவு. உதிரிபாகத்தையும் ஸ்கேன் கருவியையும் வெளியே தராமல் பூட்டி வைத்த 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி அபராதமும் விதித்தது. வெளியே ரிப்பேர் பார்த்ததற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யாதே, தவறான வேலையால் வந்த சேதம் எதுவோ அதற்கு மட்டும் மறுக்கலாம் என்றது. அந்தக் கடைசி வரி அண்ணாச்சியின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. உத்தரவு பேசுவது ரிப்பேரைப் பற்றி. இஞ்சினை வேறொன்றாக ஆக்குவதைப் பற்றி அல்ல. அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டத்தையும் மேற்கோள் காட்டுகிறார். அது சுரண்டையில் செல்லாது என்பது ஒருபுறம்; அங்கேயும் மாற்றத்தால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்டினால் கதை முடிந்தது. டர்போ அழுத்தத்தைக் கூட்டிய வண்டியில் டர்போ வெடித்தால் அதைக் காட்டுவது எத்தனை கஷ்டம்?

நம் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சௌகரியமாகத் தாண்டிவிட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சி விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அதே ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, பொருளை மாற்றியமைத்திருந்தால் அதனால் வந்த தீங்குக்கு விற்றவர் மீது பொறுப்பு வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. மின்சார ஸ்கூட்டரின் வேகப்பூட்டைத் திறப்பது பற்றி அவர் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிக்கும் இதே பதில்தான்: மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்டது என்பதால்தான் அந்த வண்டிக்கு நம்பரும் லைசென்சும் கேட்கவில்லை, பூட்டைத் திறந்த கணமே அது பதிவில்லாத வண்டி.

உண்மையில் கேட்க வேண்டியதை அண்ணாச்சி கேட்கவே இல்லை. ஸ்கேன் கருவியையும் மேனுவலையும் நியாய விலையில் உள்ளூர் மெக்கானிக்குக் கொடு, வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யும் வேலைக்குத் திருநெல்வேலிக்கு அலைய விடாதே என்று கம்பெனிகளின் சட்டையைப் பிடித்திருக்கலாம். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-இல் அமைத்த குழுவின் வரம்பில் வாகனங்களும் உண்டு. இனி அந்தக் கோரிக்கையை எழுப்புகிறவரைப் பார்த்து, குழாயை அறுக்கத்தானே கருவி கேட்கிறாய் என்று கம்பெனி கேட்கும். அந்தச் சாக்கை எடுத்துக் கொடுத்தது இந்தக் கட்டுரை.

அண்ணாச்சிக்கு ஒரு யோசனை. ஒரு பத்திரம் வாங்குங்கள். என் எழுத்தை நம்பி ஃபைல் ஏற்றியவருக்கு வாரண்டி மறுக்கப்பட்டால் இஞ்சின் செலவு, வண்டி நிற்கும் நாட்களின் டியூ, ஃபைல் பாதியில் ஏறும்போது கரண்ட் போய்ச் செத்த இசியுவின் விலை, எல்லாம் என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த இதழில் அச்சடிக்கக் கொடுங்கள்.