கடைக் கம்ப்யூட்டருக்கு என்ன பெயர்?

காஞ்சிபுரம் காந்தி சாலையில் ஒரு பட்டுக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் போட ஒரு கம்ப்யூட்டர், சரக்குக் கணக்குக்கு ஒன்று, மாடியில் புட்டாவும் பார்டரும் வரைய ஒன்று. மூன்றும் ஒரே வைஃபையில். நெட்வொர்க் பட்டியலைத் திறந்தால் மூன்றுமே 'டெஸ்க்டாப்' என்று தொடங்கி, வாயில் நுழையாத 7 எழுத்துகளோடு முடிகின்றன. விண்டோஸ் தானாக வைத்த பெயர்கள் அவை. முகூர்த்த நாள் கூட்டத்தில் எது பில் கவுண்டர் என்று யார் தேடுவது?

மாற்றுவது சுலபம். ஸ்டார்ட்டில் பவர்ஷெல்லைத் தேடி, வலது கிளிக் செய்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். 'ஹோஸ்ட்நேம்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் இப்போதைய பெயர் தெரியும். அடுத்து 'ரீநேம்-கம்ப்யூட்டர்', ஓர் இடைவெளி விட்டு '-நியூநேம்', மறுபடி இடைவெளி விட்டுப் புதுப் பெயர். என்டர் தட்டி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

லினக்ஸில் 'சூடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்', பிறகு புதுப் பெயர். ரீஸ்டார்ட் தேவையில்லை. உபுன்டுவில் இன்னொரு வேலை பாக்கி: 'எட்ஸி' ஃபோல்டரில் உள்ள 'ஹோஸ்ட்ஸ்' ஃபைலில் 127.0.1.1 என்ற வரியில் பழைய பெயர் இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பாஸ் லினக்ஸ் போன்ற பழைய பதிப்புகளில் அந்தக் கட்டளை இல்லாவிட்டால், அதே ஃபோல்டரிலுள்ள 'ஹோஸ்ட்நேம்' ஃபைலில் பெயரைத் திருத்தி ரீஸ்டார்ட் செய்யலாம். தடுமாறுபவர்களுக்கு ஊரிலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழிலேயே கேட்கலாம்.

பெயரில் ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஹைஃபன், இவை மட்டும் போதும். இடைவெளி கூடாது. விண்டோஸில் 15 எழுத்துக்குள் நிற்பது நல்லது. கடையின் முழுப்பெயரும் அடங்காது. 'காஞ்சி-பில்-1' தாராளமாக அடங்கும். (லினக்ஸில் மட்டும் 'ப்ரெட்டி' என்றொரு அலங்காரப் பெயர் உண்டு. அதைத் தமிழிலேயே வைக்கலாம்.) வெளியே எடுத்துப்போகும் லேப்டாப் என்றால் சொந்தப் பெயரும் போன் நம்பரும் வேண்டவே வேண்டாம். ரயில் நிலைய வைஃபையில் அந்தப் பெயர் பிறர் கண்ணில் படலாம்.

பெயரை மாற்றிய பிறகுதான் உண்மையான தலைவலி. பில் கம்ப்யூட்டரோடு இணைத்த பிரின்டரை மற்ற இரண்டும் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். பில்லிங் சாஃப்ட்வேரும் கணக்கு ஃபைலைப் பழைய பெயரில் தேடிவிட்டு 'கிடைக்கவில்லை' என்று நின்றுவிடலாம். வெள்ளைக்காரன் காலத்து 'கான்ஜீவரம்' இன்றைக்கும் புடவைக் கடைப் பலகைகளில் இருக்கிறது. வாங்க வருபவர் இரண்டும் ஒரே ஊர் என்று புரிந்துகொள்வார். பிரின்டருக்கு அந்தப் புரிதல் கிடையாது.

ஆகவே வியாபார நேரத்தில் இந்த வேலை வேண்டாம். இரவு கணக்கு முடித்து, பேக்கப் எடுத்து, எந்தெந்தக் கம்ப்யூட்டரில் பழைய பெயர் பதிவாகியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பிரின்டரைப் புதுப் பெயரில் மறுபடி சேருங்கள். ஷட்டரை இறக்கும் முன் மூன்றிலிருந்தும் ஆளுக்கொரு சோதனை பில் அச்சடித்துப் பாருங்கள்.