முதுமையும் மிதபானமும்

சென்ற பங்குனி மாதத்து மாலையொன்றில், இக்கல்லூரியின் பழைய மாணவர் அறுவர் ஒரு நண்பரது இல்லத்து முற்றத்திற் கூடியிருந்தோம். யாவரும் எழுபதைக் கடந்தவர். வேம்பு பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. முதியோர் கூடுமிடத்தில் எப்பேச்சு நிகழுமோ அதுவே அங்கும் நிகழ்ந்தது. முதலில் வெயில், பின்னர் முழங்கால், அதன்பின் மாத்திரைகள். இறுதியில் ஒருவர், தாம் நாடோறும் படுக்கைக்குச் செல்லுமுன் சிறிதளவு விஸ்கி அருந்துவதாயும், அஃது இருதயத்திற்கு நன்றென்று எங்கோ படித்திருப்பதாயும் கூறினார். வேத அறிவு மிக்க மற்றொருவர் உடனே பவுல் அப்போஸ்தலரைச் சாட்சிக்கு அழைத்தார். எல்லோரும் நகைத்துக் கலைந்தோம். ஆயினும் வீடு திரும்பும் வழியில், அவ்விரு சாட்சிகளையும் சற்றே விசாரித்தல் வேண்டுமென்று எனக்குத் தோன்றியது.

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், அவருடைய வயிற்றையும் அவருக்கு அடிக்கடி வரும் மெலிவையும் கருதிச் சிறிது திராட்சரசம் கொள்ளலாமென்று அப்போஸ்தலர் சொல்வது மெய்யே. ஆனால் அவ்வார்த்தை யாருக்குச் சொல்லப்பட்டது? தீமோத்தேயு இளைஞர் என்பது அதற்கு முந்திய அதிகாரத்திலேயே விளங்குகின்றது. வயிறு நொந்த ஒரு வாலிபருக்குச் சொன்ன மருந்தை எழுபத்தைந்து வயதுக் கிழவர் தமக்கென்று எடுத்துக்கொள்வது, அயல்வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டைக் கொண்டு கடைக்குப் போவதை ஒக்கும். முதியோர்க்குரிய உபதேசம் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கின்றது. அங்கே முதிய ஆடவர்க்குச் சொல்லப்படுவன தெளிவும் அடக்கமும். முதிய பெண்டிர்க்கோ மதுவிற்கு ஆட்படாமை. அந்த அதிகாரம் எம் நண்பரது நினைவுக்கு வரவில்லை!

இனி, இருதயத்தைப் பற்றிய சாட்சி. பிரெஞ்சுக்காரர் கொழுப்பை மிகுதியாய் உண்டும் இருதயநோயாற் குறைவாகவே இறக்கின்றனரென்றும், அதற்குச் சிவப்புத் திராட்சரசமே காரணமாகலாமென்றும் 1991-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று உரைத்தது. அச்செய்தி குடிப்போர் செவிக்குத் தேனாயிற்று. ஆனால் அதற்கு மூன்றாண்டுகட்கு முன்னரே, 1988-இல், ஷேப்பர் என்னும் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளரும் அவர்தம் கூட்டத்தாரும் ஒரு நுட்பமான ஐயத்தை எழுப்பியிருந்தனர். குடியாதார் என்று கணக்கிற் சேர்க்கப்படுவோருட் பலர், நோய் வந்தபடியாற் குடியை விட்டவர். அவர்களோடு ஒப்பிட்டால் அளவாய்க் குடிப்பவர் சுகமுள்ளவராய்த் தோன்றுதல் வியப்பன்று என்பதே அது. குடி சுகத்தைத் தந்ததா, சுகமுள்ளவர் குடிக்க வல்லவராயிருந்தனரா என்று பின்வந்தோரும் வினவலாயினர். மது புற்றுநோயை விளைப்பதென்பதும் அதே 1988-இற் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தால் வகுத்துரைக்கப்பட்டது. தீங்கற்ற அளவென்று ஒன்றில்லை என உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்டது. ஒரு கிண்ணம் உடனே உயிரைக் குடித்துவிடும் என்பது இதன் பொருளன்று. ஆயினும் அக்கிண்ணத்திற்கு மருந்தென்னும் பட்டத்தைச் சூட்ட இனி எவர்க்கும் நியாயமில்லை.

முதியோர்க்கு இதனினும் கூடிய எச்சரிக்கை வேண்டும். வயது ஏற ஏறத் தேகத்திலுள்ள நீரின் பங்கு குறைகின்றது. ஆகலின் நாற்பது வயதில் அருந்திய அதே அளவு எழுபதில் இரத்தத்திற் செறிந்து நிற்கும். உறக்க மாத்திரை உண்பவர் அதனோடு மதுவையும் கூட்டினால், நள்ளிரவில் எழுந்து கொல்லைப்புறம் போகும்போது கால் தடுமாறும். அவ்வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் பழைய நடை வருதல் அரிது. மது உறக்கத்தை விரைவில் அழைத்துவரினும், பின்னிரவில் அதனைக் கலைத்துவிடுகின்றது. இவற்றோடு நம் நாட்டு வெயிலையும் எண்ணவேண்டும். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பெயரிட்டவர் மதுரையிற் சித்திரை மாதத்து நண்பகலிற் குடையின்றி நடந்திரார் போலும்! முதியோர்க்குத் தாகவுணர்ச்சி மங்கிவிடுகின்றதென்று 1984-இல் நடந்த ஒரு சோதனை காட்டியது. நீர் வேண்டுமென்று தேகம் கேளாத பருவத்தில், நீரை வெளியேற்றும் பானத்தை நாடுவது விவேகமாகுமா?

குடியை மருந்தென்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. 1937-இற் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவி, 1971 வரை நம் மாநிலத்தில் நிலைத்தது. அந்நாட்களில் வைத்தியரின் அத்தாட்சி பெற்றவர்க்குப் பர்மிட் உண்டு. நான் சிறுவனாயிருந்தபோது என் பெரிய தந்தையார் அத்தகைய பர்மிட் ஒன்று வைத்திருந்தார். அலமாரியைத் திறந்து, மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளையிற் கோடு பார்த்து ஊற்றி, முகத்தைச் சுளித்துக்கொண்டே அவர் அருந்துவதை நான் கண்டிருக்கிறேன். அச்சுளிப்பு எங்கள் பொருட்டு என்பது பிற்காலத்திலேதான் எனக்கு விளங்கியது. இன்று பர்மிட் வேண்டுவதில்லை. சுளிப்பு மாத்திரம் போகவில்லை. அருந்துவோர் இன்பத்திற்காக அருந்துகிறேனென்று நேர்மையாய்ச் சொல்வாராயின், எவ்வளவு, எதற்கு, எந்நாளில் நிறுத்துவது என்று ஆராய இடமுண்டு. மருந்தென்று சொல்லிவிட்டாலோ ஆராய்ச்சிக்கே இடமில்லை.

மிதபானத்திற்கு ஆதாரமாக மேல்நாட்டார் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது லூயிஜி கொர்னாரோ என்னும் வெனிஸ் தேசத்துச் செல்வரை. இளமையில் மிதமிஞ்சி உண்டும் குடித்தும் நோயுற்று, பின்னர் அளவுணவை மேற்கொண்டு, மிக முதிர்ந்த வயதுவரை சுகமாய் வாழ்ந்தவர். மிதவாழ்வைப் பற்றிய அவரது நூல் 1558-இல் பதுவா நகரில் வெளிவந்தது. நாளொன்றுக்கு 12 அவுன்சு உணவும் 14 அவுன்சு திராட்சரசமும் அவரது கணக்கு. உறவினர் வற்புறுத்தலால் இரண்டிலும் இவ்விரண்டு அவுன்சு கூட்டியபோது சில நாட்களுக்குள் நோயுற்றாராம். அவரது மிதமான அளவும் இக்காலக் கணக்கிற்கு மிகுதியே. பிரிட்டிஷ் தலைமை வைத்திய அதிகாரிகள் 2016-இல் வாரத்திற்கென்று வகுத்த அளவு, அவர் கையில் வாரம் முடியுமுன்னரே தீர்ந்துபோம்.

எல்லோரும் அந்த 14 அவுன்சை நினைவில் வைத்திருக்கின்றனர். அதே நூலில் அவர் தம் நாட்களை எவ்வாறு கழித்தாரென்று விரிவாய் எழுதியிருப்பதை எடுத்துச்சொல்வார் அரியர். பிறர் துணையின்றிக் குதிரையேறுவார். வசந்தகாலத்தும் இலையுதிர்காலத்தும் யூகேனியன் குன்றுகளிலுள்ள தம் சோலைக்குச் சென்று சில நாள் தங்குவார். அயலூர்களிலுள்ள பழைய நண்பரையும், சிற்பிகளையும், கற்றோரையும் தேடிப்போவார். கிழவயதில் நகைச்சுவை நாடகம் ஒன்றும் எழுதினார். வீடு திரும்பினால் பேரப்பிள்ளைகள் பதினொருவர் காத்திருப்பர். அவர்களோடு சேர்ந்து தாமும் பாடுவார். இத்தனையும் உடையவர் 14 அவுன்சு இல்லாமலும் மகிழ்ந்தே இருந்திருப்பார் என்பது என் துணிபு.

விஸ்கி அருந்தும் எம் நண்பரது நிலை வேறு. அவர் மனைவியார் இறந்து ஆறாண்டுகள் ஆயின. மக்கள் இருவரும் கடல்கடந்து வாழ்கின்றனர். ஞாயிறுதோறும் கைப்பேசியில் முகம் காட்டுவர். சமையற்கார அம்மாள் மாலை ஆறு மணிக்கு இரவுணவை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார். அதன்பின் பத்து மணி வரை அவ்வீட்டிற் குரல் கொடுப்பது தொலைக்காட்சி ஒன்றே. அவர் நாடியது இருதய சுகமன்று. அந்த நான்கு மணி நேரத்தைக் கடத்துதற்கு ஒரு வழியை. பவுலையும் பிரெஞ்சுக்காரரையும் கொண்டு அவரைக் கண்டிப்பதும் ஆதரிப்பதும் ஒருங்கே வீண். இதனைப் படிக்கும் மாணவ நண்பர்களுள் பாட்டனாரை அலமாரியோடு பிடித்தவர் எவரேனும் இருப்பின், சாவியை ஒளித்துவைக்குமுன், அவர் மாலை ஏழு மணிக்கு யாரோடு பேசுகிறார் என்று ஒருமுறை பார்த்துவிடுமாறு வேண்டுகிறேன்.

இப்பொழுது புதன்கிழமைதோறும் நாங்கள் அறுவரும் அவ்வேப்பமரத்தடியிற் கூடுகிறோம். சுக்குக் காப்பியும் சுண்டலும் உண்டு. சதுரங்கத்தில் ஒருவர் எப்பொழுதும் ஏமாற்றுகிறார். அவர் யாரென்று இங்கே எழுதினால் அடுத்த வாரம் எனக்குக் காப்பி கிடையாது. ஒன்பதரை மணிக்குத்தான் எழுந்து போகிறோம். புதன்கிழமைகளில் அலமாரியைத் திறப்பதில்லை என்று எம் நண்பர் சொல்கிறார். மற்ற ஆறு நாட்களைப் பற்றி நாங்கள் இன்னும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவரே சென்ற வாரம் கேட்டார்.